ஏழடி குறைந்த ஒயர்

நேற்று ஏனாத்தூரில் மகள் வீட்டு வாசலில் இறங்கியதும் ஈரப் புல்லின் வாசனை மூக்கில் ஏறியது. செருப்பைக் கழற்றப் போன கால் அப்படியே நின்றுவிட்டது. வீட்டின் முன்னால் நாலு பாய் விரிக்கும் இடத்தில் புல் வளர்த்திருக்கிறாள். அதற்குத் தண்ணீர் தெளிக்க ஸ்பிரிங்க்ளர் வைக்கப் போகிறாளாம். எந்த நேரத்தில் எந்தக் குழாய் திறக்க வேண்டும் என்பதைச் சுவரில் மாட்டிய ஒரு சின்னப் பெட்டியே பார்த்துக்கொள்ளுமாம். என்னை உட்கார வைத்து இரண்டு ஒயர்ச் சுருள்களை மடியில் போட்டாள்.

"எதுப்பா சரியா இருக்கும்? கடக்காரரு ரெண்டுமே ஓடும்னு சொல்றாரு."

ஒன்று சாதாரண வீட்டு ஒயர். மற்றொன்று, ஐந்தாறு மெல்லிய கம்பிகளை ஒரே தடித்த உறைக்குள் வைத்து, மண்ணுக்கடியில் போடுவதற்கென்றே செய்தது. இரண்டாவதைத்தான் எடுக்க வேண்டும் என்றேன். பெட்டியிலிருந்து கடைசி வால்வு வரைக்கும் ஒரே துண்டாக இருக்கட்டும், ஒரு கம்பி உபரியாக இருக்கட்டும், நடுவில் ஒட்டுப் போட வேண்டாம் என்றேன். பிறகு நிறுத்த முடியவில்லை. நீளத்தை அளந்தது யார்? சுவரில் இறங்கும் நீளத்தைச் சேர்த்தார்களா? பள்ளத்துக்குள் இறங்கி ஏறும் நீளத்தை? அளந்தவனை நான் பார்க்க வேண்டும், அவனை வரச்சொல் என்று சத்தம் போட்டிருக்கிறேன்.

"ஏம்பா இப்டி நடுங்குறீங்க? இது வெறும் இருபத்துநாலு வோல்ட்டுதாம்பா. கையில புடிச்சாக்கூட ஒண்ணும் ஆவாது."

அவளுக்குத் தெரியாது. உனக்குத் தெரியும். நீ போய் இரண்டு பங்குனி ஆகிவிட்டது. ஆனாலும் இதைச் சொல்ல எனக்கு வேறு ஆள் இல்லை.

எழுபதுகளின் தொடக்கத்தில் நாம் இரண்டு பேரும் சேர்ந்து ஒயரிங் வேலை எடுத்துச் செய்தோம். ஒரே வயது, ஒரே வருடம் வாங்கிய லைசன்ஸ். நீ திருப்பருத்திக்குன்றத்துச் சமணர் வீட்டுப் பிள்ளை. நான் நெசவாளர் வீட்டில் பிறந்து, தறிக்குழியில் காலைத் தொங்கவிட்டுக்கொண்டு உட்காரப் பொறுமை இல்லாமல் கம்பியைப் பிடித்தவன். பொழுது சாய்வதற்குள் நீ சாப்பிட்டுவிட வேண்டும் என்பதால் நம் வேலை எப்போதும் வெளிச்சம் இருக்கும்போதே முடிந்துவிடும். பள்ளம் தோண்டினால் நமக்கு மற்றவர்களைவிட இரண்டு பங்கு நேரம் ஆகும். கடப்பாரை போடும் இடத்தில் மண்புழு தென்பட்டால் நீ அதை ஒரு இலையில் வாரி ஓரமாகக் கொண்டுபோய் விட்ட பிறகுதான் அடுத்த குத்து.

"ஓர் உசுரு நம்ம கடப்பாரையால போவக் கூடாதுப்பா. அதுக்கின்னு ஒரு வீடு கீழ இருக்குது" என்பாய்.

புழுவிடம் அவ்வளவு கருணை காட்டும் நீ என்னிடம் காட்டியதில்லை. ஒரு வீட்டில் நான் ஃபேன் இறக்கையைத் தலைகீழாக மாட்டிவிட்டேன், காற்று மேல்கூரைக்குப் போனது. அன்றிலிருந்து ஆறு மாதம் உன் வாயில் நான் "மேல்காத்து மேஸ்திரி". டீக்கடையில், எலக்ட்ரிக் சாமான் கடையில், என் மாமனார் வீட்டில்கூட அதை நடித்துக் காட்டினாய். கூரையைப் பார்த்து விசிறிக்கொள்ளும் உன் நடிப்பைக் கண்டு என் மனைவி வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். நானும் சிரித்தேன். ஆனால் உள்ளே வெந்தது. இதை உன்னிடம் ஒருநாளும் சொன்னதில்லை.

அந்தச் சமயத்தில்தான் பட்டு ஜவுளி முதலாளி ஒருவர் ஊருக்கு வெளியே புதிதாகக் கட்டிய வீட்டுக்கு நம்மைக் கூப்பிட்டார். பெங்களூரில் யார் வீட்டிலோ புல்வெளியின் நடுவே தண்ணீர் தானாகச் சுற்றித் தெளிப்பதைப் பார்த்துவிட்டு வந்திருந்தார். அவர் மகளுக்கு நிச்சயதார்த்தம். மாப்பிள்ளை வீட்டார் வந்து இறங்கும்போது தண்ணீர் சுற்ற வேண்டும், அவ்வளவுதான் அவர் ஆசை. வீட்டுத் தோட்டக்காரர் அந்தக் கருவிக்குத் தண்ணி ராட்டினம் என்று பெயர் வைத்துவிட்டார். கிணறு புல்வெளியின் அந்தக் கோடியில் இருந்தது, மெயின் பெட்டி வீட்டுக் கூடத்தில் இருந்தது. கிணற்று மோட்டாருக்கு ஒயர் புல்லுக்கு அடியில்தான் போயாக வேண்டும்.

எந்த ஒயர் என்பதில் முதலாளியோடு நீ ஒரு பகல் முழுக்க வாதாடினாய். வீட்டுச் சுவர்களில் இழுத்ததில் மிஞ்சிய ரப்பர் ஒயரையே போட்டுவிடலாமே என்றார் அவர்.

"வேணாங்கய்யா. அது செவுத்துக்கு. இது ராவும் பகலும் ஈரத்துலயே கெடக்கப் போவுது. மேல இரும்புப் பட்ட சுத்துன கேபிள்தான் போடணும். மோட்டார் தூரத்துல இருக்குதுங்க, கம்பி மெல்லிசா இருந்தா மோட்டாரு உறுமும், சுத்தாது. அப்புறம் எரிஞ்சி போவும். ஒரே துண்டா போட்டு, முட்டி ஆழத்துக்குப் புதைச்சி, மேல மணலும் செங்கல்லும் வெச்சி மூடணுங்க."

முதலாளி இறங்கி வந்தார். நீளத்தை அளக்கும் பொறுப்பு என்னுடையது. அந்தப் புல்வெளியைப் பார்த்ததும் எனக்குத் தெருவில் பாவு விரித்துக் கட்டும் காட்சிதான் நினைவுக்கு வந்தது. பிறந்ததிலிருந்து தினமும் விடியலில் பார்த்த நீளம் அது. இழுத்துக் கட்டிய நூல் நேராகப் போகும், ஏறாது, இறங்காது. அதே கணக்கில் வீட்டுச் சுவரிலிருந்து கிணறு வரை எட்டு வைத்து நடந்து ஒரு நீளம் சொன்னேன். நீ சென்னைக்குப் போய் அந்த நீளத்துக்கு வெட்டி வாங்கி வந்தாய். சுவரில் இறங்குவதையும், பள்ளத்தில் அமிழ்வதையும், கிணற்று மேடையில் ஏறுவதையும் நான் சேர்க்கவே இல்லை. செவ்வாய்க்கிழமை கேபிளைப் பள்ளத்தில் கிடத்தியபோது கிணற்றுக்கு ஏழடி முன்னால், பள்ளம் சுற்றிப் போன சண்பக மரத்தடியில் அது முடிந்துவிட்டது.

நீ அதன் முனையைக் கையில் பிடித்துக்கொண்டு என்னைப் பார்த்தாய். வாய் கோணியது. அடுத்த ஆறு மாதத்துக்கான சரக்கு கிடைத்துவிட்டது என்று எனக்குப் புரிந்தது. ஆனால் வெள்ளிக்கிழமை நிச்சயதார்த்தம் என்பதால் சிரிக்க நேரமில்லை.

"ஈரத்துல ஒட்டுப் போடக் கூடாது. நான் நாளைக்கு மெட்ராஸ் போயி முழு நீளம் வாங்கியாறேன். வந்து வெச்சிக்கிறேன் உனக்குக் கச்சேரி" என்றாய்.

புதன்கிழமை நீ பஸ் ஏறிய பிறகு, திறந்து கிடந்த பள்ளத்தின் ஓரத்தில் நான் தனியாக உட்கார்ந்திருந்தேன். ஏழடி. அந்த ஏழடியை நீ எப்படி நடித்துக் காட்டுவாய் என்று மனத்துக்குள் ஓட்டிப் பார்த்தேன். டீக்கடை பெஞ்சிலிருந்து எழுந்து காற்றில் கேபிளைத் தேடி நடக்கும் உன் உருவம் கண்ணில் வந்தது. எழுந்து வேலையை ஆரம்பித்தேன். மிஞ்சிக் கிடந்த ரப்பர் ஒயரில் ஏழடியை வெட்டி, கேபிளின் முனையோடு முறுக்கி இணைத்தேன். டேப் சுருள் உன் பையில் சென்னைக்குப் போய்விட்டது. என்னிடம் இருந்த துண்டு, இரண்டு கம்பிக்கும் ஒவ்வொரு சுற்றுக்குத்தான் வந்தது. கிழிந்து கிழிந்து ஒட்டியது.

அப்போதுதான் அந்த யோசனை வந்தது. பழைய ரேடியோக்களின் உள்ளே பட்டு நூல் சுற்றிய செப்புக் கம்பியை நாம் இரண்டு பேருமே பார்த்திருக்கிறோம். பட்டு கரண்டை விடாது. என் வீட்டில் பட்டுக்கா பஞ்சம்? சைக்கிளை எடுத்துக்கொண்டு ஓடி, தறிக்குப் பக்கத்தில் கூரையில் சொருகி வைத்திருந்த நூல் கழிவு மூட்டையைக் கொண்டுவந்தேன். அரக்குச் சிவப்பு நூலைக் கைப்பிடி கைப்பிடியாக எடுத்து, இரண்டு கம்பியையும் சேர்த்து இறுக்கிச் சுற்றினேன். மேலே மெழுகை உருக்கி ஊற்றினேன். மண்ணைத் தள்ளி மூடிவிட்டு மோட்டாரைப் போட்டேன். ராட்டினம் சுற்றியது.

நீ சாயங்காலம் வெறுங்கையோடு வந்தாய். கடையில் அந்த கேபிள் தீர்ந்துவிட்டதாம். பொழுது சாய இன்னும் அரை மணிதான் இருந்தது, நீ சாப்பிட வீட்டுக்குப் பறந்தாக வேண்டும்.

"சண்பக மரத்த சுத்திக்கினு போன பள்ளத்த நேரா வெட்டிட்டேன்டா. எட்டிடுச்சி" என்றேன்.

"முழுத் துண்டா?"

"முழுத் துண்டு."

என் தோளில் தட்டினாய். "பரவால்லியே, மேஸ்திரிக்கு மூள வந்துடுச்சி" என்று சொல்லிவிட்டு சைக்கிளில் ஏறினாய். திறந்து காட்டு என்று நீ கேட்கவில்லை. நான் சொன்னால் உனக்குப் போதும்.

வியாழன் முழுக்கத் தண்ணீர் தெளித்தார்கள். ஒன்றும் ஆகவில்லை. வெள்ளிக்கிழமை காலை நீ அங்கே போய்விட்டாய். மத்தியானம் நான் சாப்பிட உட்கார்ந்தபோது என் மனைவி கூரையைத் துழாவிக்கொண்டிருந்தாள்.

"ஏங்க, இங்க சொருவி வெச்சிருந்த கழிவு மூட்டய பாத்தீங்களா?"

"எதுக்கு?"

"அதுல ஜரிகத் துண்டெல்லாம் சேத்து வெச்சிருந்தேங்க. வெள்ளி உருக்குறவரு வந்துட்டாரு, தெருமுனையில நிக்கிறாரு."

கையில் இருந்த சோறு கையிலேயே இருந்தது. ஜரிகை என்றால் என்ன என்று எனக்குத் தெரியாதா? நூல் மேல் சுற்றிய வெள்ளி. வெள்ளியைப் போல் கரண்டை இழுப்பது வேறு எது? அதைக் கைப்பிடி கைப்பிடியாக எடுத்து, கரண்ட் ஓடும் கம்பியில் நானே சுற்றி, ஈரப் புல்லுக்கு அடியில் வைத்துவிட்டு வந்திருந்தேன். சுற்றும்போது மின்னியிருக்குமே, உன் கண் எங்கே போயிற்று என்று வேறு ஊர்க்காரன் கேட்பான். எங்கள் வீடுகளில் ஜரிகை எதில்தான் மின்னாது? பாயில், தலைமயிரில், குழந்தையின் உள்ளங்கையில், சாப்பிடும் தட்டில். பார்த்துப் பார்த்து அது எங்கள் கண்ணில் படுவதே இல்லை.

இதற்கு மேல் எழுதக் கை வரவில்லை. ஆனால் எழுதத்தான் வேண்டும். நான் உடனே ஓடி வரவில்லை. கிட்டத்தட்ட ஒரு மணி நேரம் தறி ஓரத்தில் உட்கார்ந்திருந்தேன். மெழுகு ஊற்றியிருக்கிறேனே, தாங்கும் என்று எனக்கு நானே சொன்னேன். நேற்று முழுக்க ஓடியதே, இன்றைக்கும் ஓடிவிடும், நாளைக்கு யாரும் இல்லாதபோது போய்த் தோண்டி மாற்றிவிடலாம் என்று கணக்குப் போட்டேன். நேற்று ஓடியது மண் காய்ந்திருந்ததால்தான், இரண்டு நாள் தண்ணீர் குடித்த மண் வேறு என்பது எந்த ஒயர்மேனுக்கும் தெரியும். பிறகு எப்படி சைக்கிளில் ஏறினேன் என்று நினைவில்லை.

கேட்டைத் தாண்டியதும் முதலில் கண்ணில் பட்டவை மைனாக்கள். கிணற்றுக்கு ஏழெட்டு அடி தள்ளி, சண்பக மரத்தடியில், சரியாக அந்த இடத்தில், இருபது முப்பது மைனா கூடிக் கொத்திக்கொண்டிருந்தன. மண்ணிலிருந்து புழுக்கள் துடித்துக்கொண்டு வெளியே வந்துகொண்டிருந்தன. ஒன்று இரண்டு அல்ல, புல் முழுக்க நெளிந்தது. தோட்டக்காரர் அதைப் பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தார். "நல்ல மண்ணுங்க, எம்மாம் புழு பாருங்க" என்று யாரிடமோ சொன்னார். மண்ணுக்குள் கரண்ட் பரவினால் புழு மேலே ஏறும் என்று நான் கேள்விப்பட்டிருக்கிறேன். நீயும் கேள்விப்பட்டிருப்பாய். ஆனால் உன் கணக்கில் அங்கே ஒட்டே கிடையாதே, நீ ஏன் அதை நினைக்கப் போகிறாய்?

நீ வெறுங்காலோடு வேட்டியைத் தூக்கிக் கட்டிக்கொண்டு மைனாக்களைக் கையால் விரட்டியபடி அந்த இடத்தை நோக்கிப் போய்க்கொண்டிருந்தாய். புழுவைக் காப்பாற்ற.

"பாப்பா, அந்த வாழையில ஒரு எல கிழிச்சிக்கினு வாம்மா. இதுங்கள எடுத்து அந்தாண்ட வுடலாம்."

முதலாளியின் அண்ணன் பேத்தி, ஐந்து வயது இருக்கும், பாவாடையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு ஈரப் புல்லில் வாழை மரத்துக்கு ஓடினாள். ஒலிபெருக்கியில் நாதஸ்வர இசைத்தட்டு அலறியது. நான் கத்தினேன். என் குரல் எனக்கே கேட்கவில்லை.

உன்னிடம் ஓடினால் நானும் அந்த மண்ணில்தான் விழுவேன். கூடத்துக்கு ஓடினால் மெயினைப் பிடுங்கலாம். ஆனால் அதற்கு உங்கள் இரண்டு பேருக்கும் முதுகைக் காட்ட வேண்டும். அவள் இலையோடு திரும்பிவிட்டாள். நீ குனிந்துகொண்டிருந்தாய், கைகள் மண்ணை நோக்கி இறங்கிக்கொண்டிருந்தன. அதுதான் நான் கடைசியாகப் பார்த்தது. திரும்பிவிட்டேன்.

சேற்றுச் செருப்போடு வரிசைத் தட்டுகளைத் தாண்டி, யாரோ ஓர் அம்மாவை இடித்துத் தள்ளி, கூடத்துச் சுவரிலிருந்து மெயின் ஃபியூஸ் கட்டையைப் பிடுங்கினேன். ஃபேன்கள் தளர்ந்தன. நாதஸ்வரம் இழுத்து இழுத்து நின்றது. கூடத்தில் இருந்த எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். வெளியே ஒரு சத்தமும் இல்லை. அழுகை இல்லை. சிரிப்பும் இல்லை. கையில் அந்தப் பீங்கான் கட்டையை வைத்துக்கொண்டு நின்றேன். என் வாழ்நாளில் அவ்வளவு நீண்ட நேரம் வேறு எதுவும் இல்லை. நீ செத்துவிட்டாய் என்றே முடிவு செய்துவிட்டேன். அந்தக் குழந்தையும்தான்.

பிறகு வாசலில் நீ வந்து நின்றாய். முழங்கால் வரை ஈரம். இடுப்பில் அந்தக் குழந்தை, அவள் கையில் வாழை இலை. நீ என் கையில் இருந்த கட்டையைப் பார்த்தாய், பிறகு என் முகத்தைப் பார்த்தாய்.

"ஒட்டு எங்கடா போட்ட?" என்றாய்.

அவ்வளவுதான் கேட்டாய். மரத்தடி என்றேன். குழந்தையை இறக்கி அவள் அம்மாவிடம் விட்டுவிட்டு, சத்தம் போட வந்த முதலாளியிடம் திரும்பினாய்.

"கேபிள்ல ஒரு கோளாறுங்கய்யா. நான் போட்டதுதான், என் தப்பு. ஃபங்ஷன் முடியிற வரைக்கும் தோட்டத்துப் பக்கம் யாரும் போவாதீங்க."

மோட்டார் ஒயரைப் பெட்டியில் அறுத்துவிட்டு வீட்டுக்குக் கரண்டைத் திருப்பிக் கொடுத்தாய். மாப்பிள்ளை வீட்டார் வந்தபோது ராட்டினம் சுற்றவில்லை. முதலாளி அத்தனை பேர் முன்னால் உன்னைப் பேசிய பேச்சை நீ கையைக் கட்டிக்கொண்டு கேட்டாய். நான் உன் பின்னால் நின்றேன், வாயைத் திறக்கவில்லை.

மறுநாள் பள்ளத்தைத் தோண்டினோம். மெழுகு பிளந்து, பட்டு கருகி, நடுவில் ஜரிகை கறுத்துப் போய்க் கிடந்தது. அதை நீ விரலால் பிரித்துப் பார்த்தாய். "காலையிலயே காலு ஒரு மாதிரி மரத்துக்கினு இருந்துச்சி. ரெண்டு நாளா நின்னுக்கினே வேல செஞ்சதால இருக்கும்னு நெனச்சேன்" என்றாய். கைகளைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை. நான் கட்டையைப் பிடுங்கியபோது அவை மண்ணுக்கு எவ்வளவு உயரத்தில் இருந்தன என்று எனக்கு இன்றுவரை தெரியாது. கேட்கப் பயம்.

அதன் பிறகும் நாம் பதினான்கு வருடம் சேர்ந்து வேலை செய்தோம். நான் அளந்ததை நீ எப்போதும் இன்னொரு தடவை அளந்தாய், நான் தண்ணீர் குடிக்கப் போயிருக்கும் நேரமாகப் பார்த்து. வேறு எதுவும் மாறவில்லை என்றுதான் ஊரார் நினைத்தார்கள். ஒன்றே ஒன்று மாறியது. நீ என்னைக் கேலி செய்வதை நிறுத்திவிட்டாய். டீக்கடையில் யாராவது என்னைப் பற்றி எடுத்துக்கொடுத்தால்கூட, "நல்ல வேலக்காரம்பா அவன்" என்று சொல்லிப் பேச்சை மாற்றுவாய். சில நாள் வேண்டுமென்றே ஸ்க்ரூவைக் கீழே போட்டிருக்கிறேன், கூடையைக் கவிழ்த்திருக்கிறேன். நீ குனிந்து எடுத்துக் கொடுத்தாய்.

ஆஸ்பத்திரியில் உன் கட்டில் பக்கத்தில் கடைசியாக உட்கார்ந்திருந்தபோது சொல்லிவிடலாம் என்று வாயெடுத்தேன். ஏன் பொய் சொன்னாய் என்று நீ ஒரு தடவை கேட்டிருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும். நீ கண்ணைத் திறந்து, "சாப்ட்டியா?" என்று கேட்டாய். சாப்பிட்டேன் என்றேன். அதுவும் பொய்தான்.

இப்போது சொல்கிறேன். அன்றைக்கு நான் கரண்டுக்குப் பயப்படவில்லை, முதலாளிக்குப் பயப்படவில்லை. நீ சிரிப்பாய் என்றுதான் பயந்தேன். அந்த ஒரு சிரிப்பிலிருந்து தப்பிப்பதற்காக உன்னையும் அந்தக் குழந்தையையும் ஈர மண்ணில் வெறுங்காலோடு நிற்க வைத்தேன். இதைச் சொல்ல எனக்கு இத்தனை வருடம் ஆகியிருக்கிறது. நீ உயிரோடுதான் திரும்பி வந்தாய், ஆனால் அதற்குப் பிறகு என்னைப் பார்த்து ஒரு நாளும் சிரிக்கவில்லை.